நெடும் பிரித்தல்: பென்சில், சதுரக் கொப்பி, கொஞ்சம் சில்லறை

போன மாதம் ஒரு பின்னேரம் அக்காவின் மகள் கொப்பியோடு விறாந்தையில் வந்து குந்தினாள். 4,218ஐ ஆறால் பிரிக்க வேண்டும். அவளுடைய விடை 73.

"நாலாயிரத்துச் சொச்சம் ரூபாவை ஆறு பேருக்குப் பிரிச்சால் ஆளுக்கு எழுபத்து மூண்டு ரூபாவோ? மிச்சக் காசு எங்கை?" என்று கேட்டேன்.

"சின்னம்மா, ஒண்டை ஆறாலை பிரிக்க ஏலாது. அதுதான் விட்டிட்டன்."

அவள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். 'பிரி, பெருக்கு, கழி, இறக்கு' என்ற நாலு சொல்லும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வாய்பாடும் பன்னிரண்டு வரை தடுமாறாமல் வரும். ஆனாலும் எழுநூற்றுச் சொச்சம் எழுபத்து மூன்றாகச் சுருங்கிவிட்டது. நெடும் பிரித்தலில் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இப்படித்தான். படிகள் தெரியும், அந்தப் படியில் கையில் வைத்திருப்பது ஆயிரமா, நூறா, பத்தா என்பதுதான் தெரியாது. ஆகவே படிகளை விட்டுவிட்டுக் காசிலிருந்து தொடங்குகிறேன்.

தொடங்க முன்

பள்ளிக்கூடப் புத்தகம் இதை வகுத்தல் என்கிறது. வீட்டில் எங்களுக்கு அது பிரித்தல் கணக்குத்தான். பங்கிடப்படும் பெரிய எண் வகுபடும் எண், பங்கிடுகிற எண் வகுக்கும் எண், மேலே வருகிற விடை ஈவு, கடைசியில் தேறாமல் நிற்பது மீதி. இந்த நாலு பெயரும் போதும்.

சதுரக் கொப்பி ஒன்று எடுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். இது அழகுக்காகச் சொல்வதல்ல. நான் படித்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில்தான் படிப்பு. கொப்பியும் தட்டுப்பாடு. ஒரு பக்கத்தில் இருபது கணக்கை நெருக்கி எழுதுவோம். பத்தின் நிரலும் ஒன்றின் நிரலும் முட்டிக்கொண்டு, எது எதற்குக் கீழே நிற்கிறது என்று எனக்கே தெரியாது. நான் விட்ட பிழைகளில் பாதி அந்த நெருக்கத்தால் வந்தவை. இன்றைக்குத் தாள் இருக்கிறது. ஒரு கணக்குக்கு அரைப் பக்கம் கொடுங்கள்.

பிழைத்தால் அழிறப்பரைக் கொடுக்க வேண்டாம். ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் திரும்ப எழுதட்டும். எங்கே வழுக்கியது என்று பிறகு பார்க்க அந்தப் பிழையான வரி வேண்டும்.

வாய்பாடு முழுதும் வந்த பிறகுதான் பிரித்தல் என்று காத்திருக்கவும் தேவையில்லை. ஏழாம் வாய்பாடு வராத பிள்ளை அதைக் கொப்பியின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு கணக்கைச் செய்யட்டும். பத்துக் கணக்குச் செய்து முடிய வாய்பாடும் பாதி ஏறிவிடும். கழித்தல் வராவிட்டால்தான் சிக்கல். அப்படியென்றால் ஒரு கிழமை கழித்தலோடு இருந்துவிட்டு இங்கே திரும்பி வாருங்கள்.

முதலில் மேசையில்: 952ஐ நாலு பேருக்கு

மேசையில் 952 ரூபாவை வையுங்கள்: நூறு ரூபாத் தாள் ஒன்பது, பத்து ரூபாக் குற்றி ஐந்து, ஒரு ரூபாக் குற்றி இரண்டு. உண்மைக் காசு இல்லாவிட்டால் தாள் துண்டுகளில் 100, 10, 1 என்று எழுதி வெட்டிக்கொள்ளலாம். ஐந்நூறு, ஐம்பது, இருபது ரூபாத் தாள்களை ஒளித்துவிடுங்கள். அவை இந்த விளையாட்டைக் குழப்பும்.

பெரிய தாளில் தொடங்குவோம். ஒன்பது நூறை நாலு பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு இரண்டு. எட்டுத் தாள் போய்விட்டது, ஒன்று கையில் நிற்கிறது. அதை நாலாகக் கிழித்துக் கொடுக்க முடியாது, கடைக்குப் போய் மாற்ற வேண்டும். மாற்றினால் பத்து ரூபாக் குற்றி பத்து வரும். ஏற்கெனவே ஐந்து இருந்தது, இப்போது பதினைந்து. ஆளுக்கு மூன்று கொடுக்கப் பன்னிரண்டு போகிறது, மூன்று மிச்சம். அந்த மூன்றையும் ஒரு ரூபாக் குற்றிகளாக மாற்றினால் முப்பது. இருந்த இரண்டோடு முப்பத்திரண்டு. ஆளுக்கு எட்டு. மேசை வெறுமையாகிவிட்டது. ஒருவர் கையில் இரண்டு நூறு, மூன்று பத்து, எட்டு ஒன்று. ஆளுக்கு 238 ரூபா.

நெடும் பிரித்தல் இவ்வளவுதான். பெரியதில் தொடங்கிப் பங்கிடுவது, மிஞ்சியதைச் சில்லறையாக்குவது, திரும்பப் பங்கிடுவது. கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றையும் வலப்பக்கத்தில் தொடங்கிவிட்டுப் பிரித்தலை மட்டும் ஏன் இடப்பக்கத்தில் தொடங்குகிறோம் என்று பிள்ளை கேட்டால் (கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்), பதில் இந்த மேசையிலேயே இருக்கிறது. குற்றிகளை முதலில் பங்கிட்டுப் பாருங்கள். பிறகு பத்தில் மிஞ்சியது மாறி வரும், நூறில் மிஞ்சியது மாறி வரும். பங்கிட்டு முடித்த குற்றியையே திரும்பத் திரும்பப் பங்கிட வேண்டியிருக்கும்.

ஒரு நாள் முழுதும் இந்த மேசையோடேயே இருந்தாலும் நட்டமில்லை. 738ஐ மூன்று பேருக்கு, 865ஐ ஐந்து பேருக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். மாற்றுவதற்குக் 'கடை' வைத்திருக்கும் வேலையைத் தம்பி தங்கையிடம் விடலாம். எங்கள் வீட்டுக் கடைக்காரனுக்கு நாலரை வயது. மாற்றுக்கு ஒரு ரொபி கூலி கேட்டான்.

அதையே தாளில்

இனி அதே கணக்கு, அதே வரிசையில்:

```
    2 3 8
4 ) 9 5 2
    8
    ---
    1 5
    1 2
    -----
      3 2
      3 2
      ---
        0
```

முதலாவது, பிரி. 9க்குள் 4 எத்தனை தரம்? இரண்டு தரம். 2ஐ 9க்கு நேர் மேலே எழுதுங்கள். அது நூறின் நிரல். ஆளுக்கு இரண்டு நூறு என்பதுதான் அதன் பொருள்.

இரண்டாவது, பெருக்கு. 2 × 4 = 8. ஒன்பதுக்குக் கீழே எழுதுங்கள். மேசையை விட்டுப் போன தாள்கள் இவை.

மூன்றாவது, கழி. 9 − 8 = 1. கையில் நிற்கும் தாள். இங்கே ஒரு நொடி நின்று, இந்த எண் நாலை விடச் சிறியதா என்று பார்க்க வேண்டும். நாலோ அதற்கு மேலோ வந்தால் இன்னுமொரு தரம் பங்கிடலாம் என்று பொருள். மேலே போட்ட இலக்கம் போதாது.

நாலாவது, இறக்கு. அடுத்த இலக்கமான 5ஐ அந்த 1க்குப் பக்கத்தில் இறக்குங்கள். 15 ஆகிவிட்டது. இந்த இடத்தில்தான் பிள்ளைக்கு வித்தை காட்டுவதுபோல இருக்கும். 1க்குப் பக்கத்தில் 5ஐ வைத்தால் எப்படிப் பதினைந்து வந்தது? ஒரு நூறை மாற்றிய பத்துக் குற்றி, ஏற்கெனவே இருந்த ஐந்து. கடைக்குப் போய்வந்ததைத் தாளில் இறக்குவது என்கிறோம்.

பிறகு அதே நாலும் திரும்ப. 15க்குள் 4 மூன்று தரம், 12, மிச்சம் 3. 2ஐ இறக்க 32. எட்டுத் தரம், 32, மிச்சம் இல்லை. இறக்க இலக்கம் இல்லாதபோது கணக்கு முடிந்தது.

பழகும்போது வாயால் சொல்லச் சொல்லுங்கள். 'ஒன்பதுக்குள் நாலு' என்று சொல்லாமல் 'ஒன்பது நூறை நாலு பேருக்கு' என்று சொல்லட்டும். முதல் பத்துக் கணக்குக்காவது இப்படி. பிறகு அவர்களாகவே சுருக்கிக்கொள்வார்கள்.

பூச்சியம் விழும் இடம்

இனி 4,218 ÷ 6. என் கணிப்பில் இந்தப் பாடத்தின் முக்கால்வாசி இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும்.

நாலு ஆயிரம் ரூபாத் தாளை ஆறு பேருக்குக் கொடுக்க முடியாது. நாலையும் நூறாக மாற்றினால் 40 நூறு. இருந்த 2 நூறோடு 42 நூறு. ஆளுக்கு 7 நூறு. ஆகவே 7 உட்காரும் இடம் 2க்கு மேலே, நூறின் நிரலில். 4க்கு மேலே அல்ல. 42 − 42 = 0.

அடுத்து 1ஐ இறக்குகிறோம். பத்து ரூபாக் குற்றி ஒன்று, ஆட்கள் ஆறு பேர். ஆளுக்கு எத்தனை பத்து? ஒன்றும் இல்லை. 'ஒன்றும் இல்லை' என்பதும் ஒரு விடைதான், அதை எழுதுவதற்குத்தான் 0 இருக்கிறது. 1க்கு மேலே 0 போடுகிறோம். அந்த 1 கையில் அப்படியே நிற்கிறது, 8ஐ இறக்க 18, ஆளுக்கு 3. விடை 703.

அந்தப் பூச்சியத்தை எழுதாமல் விட்டால் என்ன நடக்கிறது? நூறின் நிரலில் இருந்த 7 வழுக்கிப் பத்தின் நிரலுக்குள் போய் விழுகிறது. எழுநூறு எழுபதாகிவிடுகிறது. என் பெறாமகளின் மிச்சக் காசு போன இடம் அதுதான்.

இதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒரே ஒரு சட்டம்: ஈவில் முதல் இலக்கம் விழுந்த பிறகு, ஒவ்வோர் இலக்கத்தை இறக்கும்போதும் மேலே ஓர் இலக்கம் விழுந்தே ஆகவேண்டும். பிரிக்க ஏலாது என்றால் விடுவதல்ல, பூச்சியம் போடுவது. இறக்கியதற்கு ஒன்று, எழுதியதற்கு ஒன்று.

இன்னொரு காவலும் உண்டு. தொடங்க முன்னரே ஈவில் எத்தனை இலக்கம் வரும் என்று புள்ளி வைத்துவிடலாம். 4,218இல் முதலில் 42ஐ எடுத்தோம், அதற்குப் பிறகு 1, 8 என்று இரண்டு இலக்கம் இறங்கவேண்டும். ஆகவே ஈவில் மூன்று இலக்கம். 2, 1, 8 மூன்றுக்கும் மேலே மூன்று புள்ளி. 73 என்று எழுதியவருக்கு ஒரு புள்ளி வெறுமையாகக் கிடந்து கண்ணைக் குத்தும்.

நடுப் பூச்சியத்தைப் பிடித்துவிட்ட பிள்ளைகூட கடைசிப் பூச்சியத்தில் மாட்டிக்கொள்ளும். 7,563 ÷ 7 செய்து பாருங்கள். 7க்குள் 7 ஒரு தரம். 5ஐ இறக்க, ஏலாது, 0. 6ஐ இறக்க 56, எட்டுத் தரம், மிச்சம் இல்லை. 3ஐ இறக்க, ஏலாது. இந்த இடத்தில் பலர் '108, மீதி 3' என்று எழுதிவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். 3ஐ இறக்கியாயிற்று, ஆகவே மேலே 0 விழவேண்டும். ஈவு 1,080, மீதி 3.

நான் படித்த காலத்தில் ஒரு வாத்தியார் இந்தப் பூச்சியத்துக்காக விரல் மொழியில் அடிமட்டத்தால் தட்டுவார். தட்டினாரே தவிர, அங்கே ஏன் பூச்சியம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. நான் பயத்தில் தேவையில்லாத இடத்திலும் பூச்சியம் போடப் பழகினேன்.

இரண்டு இலக்கத்தால் பிரித்தல்

படிகள் மாறாது. மாறுவது ஒன்றே ஒன்று: 23ஆம் வாய்பாடு யாருக்கும் பாடமில்லை. இதற்கு இரண்டு வழி இருக்கிறது. பயந்த பிள்ளைக்கு முதலாவது, கொஞ்சம் துணிந்த பிள்ளைக்கு இரண்டாவது.

முதலாவது வழி, ஓரத்தில் வாய்பாட்டைக் கட்டிக்கொள்வது. 23ஐ ஒன்பது தரம் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. இரட்டித்துக்கொண்டு போங்கள்: 1 என்றால் 23, 2 என்றால் 46, 4 என்றால் 92, 8 என்றால் 184. பத்துத் தரம் 230, அதில் பாதி 115. அது ஐந்து தரம். 46ஓடு 23ஐக் கூட்டினால் 69, மூன்று தரம். அதை இரட்டித்தால் 138, ஆறு தரம். 138ஓடு 23ஐக் கூட்டினால் 161, ஏழு தரம். 230இல் 23ஐக் கழித்தால் 207, ஒன்பது தரம். ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு கணக்கில் ஊகிக்க ஒன்றுமே இல்லை, பட்டியலைப் பார்த்து எழுதுவதுதான்.

இரண்டாவது வழி, மதிப்பிட்டுப் பார்த்துத் திருத்துவது. 8,357 ÷ 23 எடுத்துக்கொள்வோம். 23 கிட்டத்தட்ட 20. 83க்குள் 23 எத்தனை தரம் என்பதற்குப் பதிலாக 8க்குள் 2 எத்தனை தரம் என்று கேட்கிறோம்: நாலு. 4 × 23 = 92, 83ஐ விடப் பெரிது. ஒன்று குறைத்து 3 போடுங்கள்: 69. மிச்சம் 14. 5ஐ இறக்க 145. 14க்குள் 2 ஏழு தரம்; 7 × 23 = 161, பெரிது; 6 போட்டால் 138, மிச்சம் 7. 7ஐ இறக்க 77. 7க்குள் 2 மூன்று தரம், 69, மிச்சம் 8. ஈவு 363, மீதி 8.

இரண்டு இடத்தில் முதல் ஊகம் பிழைத்ததைக் கவனித்திருப்பீர்கள். அது பிழையல்ல, வேலையின் ஒரு பகுதி. பிள்ளைகள் இதில்தான் மனம் உடைந்துபோகிறார்கள்: ஒருதரம் பிழைத்தவுடன் 'எனக்கு இது வராது' என்று பென்சிலை வைத்துவிடுவார்கள். சந்தையில் மரக்கறிக்காரர் தராசில் முதல் பிடியிலேயே சரியாக ஒரு கிலோ போடுகிறாரா? கொஞ்சம் போட்டு, கொஞ்சம் எடுத்து, பிறகுதான் முள் நேரே நிற்கும்.

வகுக்கும் எண் 38 போல அடுத்த பத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால் மேல்நோக்கி மதிப்பிட வேண்டும். 38க்குப் பதில் 40. 9,614 ÷ 38: 9க்குள் 4 இரண்டு தரம், 76, மிச்சம் 20. 1ஐ இறக்க 201. 20க்குள் 4 ஐந்து தரம், 190, மிச்சம் 11. 4ஐ இறக்க 114; 11க்குள் 4 இரண்டு தரம், 76, மிச்சம் 38. நில்லுங்கள். மிச்சம் 38, வகுக்கும் எண்ணும் 38. இன்னொரு தரம் போகும். 2ஐ வெட்டி 3 போடுங்கள்: 114, மிச்சம் இல்லை. விடை 253.

சுருக்கமாக மனதில் வைக்க வேண்டியது: பெருக்கிய எண் பெரிதாகிக் கழிக்க முடியாவிட்டால் ஊகத்தை ஒன்று இறக்கு, கழித்த பிறகு மிச்சம் வகுக்கும் எண்ணுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் ஒன்று ஏற்று. மூன்று இலக்கத்தால் பிரித்தாலும் இதேதான், நேரம்தான் கூடும்.

மீதியை என்ன செய்வது

அது கேள்வியைப் பொறுத்தது, எண்ணைப் பொறுத்ததல்ல. கீரிமலைக்கு 53 பேர் போகிறார்கள், ஒரு வானில் 14 பேர் ஏறலாம். 53 ÷ 14: ஈவு 3, மீதி 11. மூன்று வான் பிடித்தால் பதினொரு பேர் வாசலில் நிற்பார்கள். நாலு வான் வேண்டும். நூறு பனங்கட்டிக் குட்டானைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பெட்டியில் அடுக்கினால் 8 பெட்டி, மீதி 4. இங்கே நிரம்பிய பெட்டி எட்டுத்தான், ஒன்பது என்று விற்க முடியாது. பிள்ளைக்கு இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் கொடுத்துப் பாருங்கள்.

மீதியைப் பின்னமாகவும் எழுதலாம்: 8,357 ÷ 23 என்பது 363 8/23. அல்லது தசமத்துக்குள் போகலாம்.

தசமமும் ஒரு காணி உறுதியும்

கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் மகன் ஒருநாள் காணி உறுதியைப் படம் பிடித்து அனுப்பி, "தங்கச்சி, இதிலை பரப்பும் குழியும் எண்டு கிடக்கு, சதுர அடியிலை எவ்வளவு?" என்று கேட்டார். கல்குலேற்றரில் ஒரு நொடி. ஆனால் பெறாமகள் பக்கத்தில் இருந்தாள், விடுவேனா.

ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. எங்கள் மேட்டுக் காணிக் கணக்கில் ஏக்கருக்கு 16 பரப்பு, பரப்புக்கு 18 குழி. (வயற்காணிக்குப் பரப்பின் அளவு வேறு. அதை இங்கே கலக்க வேண்டாம்.)

முதலில் 43,560 ÷ 16. 43க்குள் 16 இரண்டு தரம், 32, மிச்சம் 11. 5ஐ இறக்க 115, ஏழு தரம், 112, மிச்சம் 3. 6ஐ இறக்க 36, இரண்டு தரம், 32, மிச்சம் 4. 0ஐ இறக்க 40, இரண்டு தரம், 32, மிச்சம் 8. இலக்கங்கள் முடிந்துவிட்டன, 2,722 மீதி 8.

இங்கே நிற்காமல் அதே கடைக்குத் திரும்பப் போகிறோம். ஒரு ரூபாவைச் சதமாக மாற்றுவதுபோல, ஒன்றைப் பத்தில் ஒன்றுகளாக மாற்றுகிறோம். ஈவில் 2,722க்குப் பிறகு ஒரு புள்ளி. 8 ஒன்று என்பது 80 பத்தில் ஒன்று. அதாவது 8க்குப் பக்கத்தில் ஒரு 0ஐ இறக்குகிறோம். 80க்குள் 16 ஐந்து தரம், மிச்சம் இல்லை. ஒரு பரப்பு 2,722.5 சதுர அடி.

இப்போது குழி: 2,722.5 ÷ 18. வகுபடும் எண்ணிலேயே புள்ளி இருந்தால், ஈவிலும் அதற்கு நேர் மேலே புள்ளியை முதலே வைத்துவிடுங்கள், பிறகு புள்ளியை மறந்துவிடலாம். 27க்குள் 18 ஒரு தரம், மிச்சம் 9. 2ஐ இறக்க 92, ஐந்து தரம், 90, மிச்சம் 2. 2ஐ இறக்க 22, ஒரு தரம், மிச்சம் 4. புள்ளியைத் தாண்டுகிறோம். 5ஐ இறக்க 45, இரண்டு தரம், 36, மிச்சம் 9. 0ஐ இறக்க 90, ஐந்து தரம், மிச்சம் இல்லை. ஒரு குழி 151.25 சதுர அடி. அண்ணாவுக்கு அனுப்பினேன். "நீ கல்குலேற்றரிலை பாத்தனி" என்று பதில் வந்தது. கொப்பியைப் படம் பிடித்து அனுப்பினாள் பெறாமகள்.

வகுக்கும் எண்ணில் தசமம் இருந்தால், 7.2 ÷ 0.6 போல, இரண்டையும் பத்தால் பெருக்கி 72 ÷ 6 ஆக்கிக்கொள்ளுங்கள். விடை மாறாது: 12.

எல்லாக் கணக்கும் இப்படி முடிந்துவிடாது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதி 321 கிலோமீற்றர். ஏழு மணித்தியாலத்தில் போனால் மணிக்கு எத்தனை கிலோமீற்றர்? 321 ÷ 7: 45, மீதி 6. புள்ளிக்குப் பிறகு 60க்குள் 7 எட்டுத் தரம், மிச்சம் 4. 40க்குள் ஐந்து, மிச்சம் 5. 50க்குள் ஏழு, மிச்சம் 1. 10க்குள் ஒன்று, மிச்சம் 3. 30க்குள் நாலு, மிச்சம் 2. 20க்குள் இரண்டு, மிச்சம் 6. தொடங்கிய அதே 6! இனி 857142 என்ற அதே ஆறு இலக்கமும் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இது தற்செயல் அல்ல. ஏழால் பிரிக்கும்போது பூச்சியம் தவிர்ந்த மீதி 1 முதல் 6 வரைதான் வரலாம். ஆறு தரத்துக்குள் ஏதாவது ஒன்று திரும்பி வந்தே ஆகவேண்டும். பெறாமகள் இதைக் கண்டுபிடித்த அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எழும்பவில்லை. 13ஆல், 17ஆல் என்று பிரித்துக்கொண்டே இருந்தாள்.

சரி பார்த்தல்

நேரான வழி: ஈவையும் வகுக்கும் எண்ணையும் பெருக்கி, மீதியைக் கூட்டினால் வகுபடும் எண் வரவேண்டும். 363 × 23 = 8,349; 8ஐக் கூட்ட 8,357.

அதை விடக் கெதியான வழி ஒன்பதைத் தள்ளிப் பார்ப்பது. எண்ணின் இலக்கங்களை ஓர் இலக்கம் ஆகும்வரை கூட்டிக்கொண்டு போங்கள். 8,357: 8+3+5+7 = 23, 2+3 = 5. வகுக்கும் எண் 23: அதுவும் 5. ஈவு 363: 12, பிறகு 3. இப்போது 5 × 3 = 15, அது 6; மீதி 8ஐக் கூட்ட 14, அது 5. இரண்டு பக்கமும் 5. பொருந்தாவிட்டால் கணக்குப் பிழை என்பது நிச்சயம். பொருந்தினால் சரி என்பதற்கு முழு உத்தரவாதம் இல்லை: 363க்குப் பதில் 336 என்று இலக்கம் மாறி எழுதினாலும், நடுவில் ஒரு பூச்சியத்தை விழுங்கினாலும் இந்தச் சோதனைக்குத் தெரியாது. அதற்குத்தான் பெறாமகளிடம் கேட்ட அந்த முதல் கேள்வி: நாலாயிரத்தை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எழுபதா, எழுநூறா? கணக்கைத் தொடங்க முன் விடை எந்த அளவில் வரும் என்று ஓரத்தில் எழுதிவிட்டுத் தொடங்கினால் போதும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு உதவுபவர்களுக்கு

வாட்ஸப்பில் பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் அம்மம்மாமாருக்கு ஒரு சொல். பிரான்சில் வகுக்கும் எண்ணை வலப்பக்கத்தில், ஒரு நிமிர்கோட்டுக்கு அப்பால் எழுதுவார்கள்; ஈவு அதற்குக் கீழே வரும். ஜேர்மனியிலும் நோர்வேயிலும் 952 : 4 = என்று ஒரே வரியில் எழுதி, சமன் குறிக்குப் பக்கத்தில் ஈவை வளர்த்துக்கொண்டு போவார்கள். ஈவு மேலே இல்லை என்பதற்காகப் பிள்ளை பிழையாகச் செய்கிறது என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். பங்கிடுவது, பெருக்குவது, கழிப்பது, இறக்குவது எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன, வீட்டு வாசல் மட்டும் வேறு திசையில் இருக்கிறது. நெடும் பிரித்தல் முறை அச்சில் வந்தது 1491இல், இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் கலாண்ட்ரி என்பவர் வெளியிட்ட கணித நூலில். நாங்கள் போடும் ÷ என்ற குறி பிரித்தலுக்கு வந்தது 1659இல், யோகான் ரான் என்ற சுவிஸ் கணிதரின் நூல் மூலம். முறை ஒரு வழியால், குறி இன்னொரு வழியால் வந்து சேர்ந்திருக்கிறது. எழுதும் விதம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதில் அதிசயமில்லை.

செய்து பார்க்க

ஒரு நாளைக்கு நாலு கணக்குப் போதும். இருபது கொடுத்தால் பதினைந்தாவதில் கை எழுதும், தலை தூங்கும்.

846 ÷ 3
5,124 ÷ 6
6,318 ÷ 9
8,045 ÷ 8
7,912 ÷ 23
9,775 ÷ 47
1 ÷ 16

விடைகள் அதே வரிசையில்: 282; 854; 702; 1,005 மீதி 5; 344; 207 மீதி 46; 0.0625.

ஆறாவதில் மீதி 46 என்று வந்ததும் பிள்ளை பயந்து திரும்ப அழிக்கப் பார்க்கும். 47ஐ விடச் சிறியதுதானே, இருக்கட்டும்.

கடைசிக் கணக்கில் பூச்சியச் சட்டம் முழுதாக வேலை செய்யும். 1க்குள் 16 போகாது, 0 போட்டுப் புள்ளி. 0ஐ இறக்க 10, போகாது, 0. இன்னொரு 0ஐ இறக்க 100, ஆறு தரம், 96, மிச்சம் 4. 40க்குள் இரண்டு, மிச்சம் 8. 80க்குள் ஐந்து. ஏக்கரில் ஒரு பரப்பின் பங்கு அது. அம்மம்மாவிடம் கொப்பியைக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 0.0625ஐக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வீசம் எண்டு எழுதினால் காணாதே?" என்றா. பதினாறில் ஒன்றுக்கு அந்தக் காலத்துப் பெயர் அது.